'ட்ரோக்கன்' என்று எழுதியிருக்கும் ஜெர்மன் வெள்ளை வைனை எப்படிச் சுவைத்துப் பழகுவது?

பிரிவு: உணவும் பானமும்

ரைன்கரை | மார்ச் 14, இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். வேலைக்காக மைன்ஸ் நகருக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள் இருந்தும், உடன் பணிபுரிபவர்கள் வெள்ளை வைனைப் பற்றி மணிக்கணக்கில் பேசக் கேட்டும், எனக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. சென்ற மாதம் பேரங்காடியில் ரீஸ்லிங் என்ற திராட்சையில் செய்த வைன் புட்டி ஒன்றை வாங்கினேன். 'ஷ்பேட்லேஸ' என்று எழுதியிருந்தது. திறந்து குடித்தால் சர்பத்தைப் போலத் தித்தித்தது. அடுத்த வாரம், இனிப்பில்லாததைத்தான் வாங்குவது என்ற முடிவோடு சென்று 'ட்ரோக்கன்' என்று அச்சிட்டிருந்த மலிவான புட்டியை எடுத்து வந்தேன். முதல் வாயிலேயே பல் கூசியது. பாதிப் புட்டி சமையலுக்குப் போயிற்று.

இதற்கிடையில் வைன் கடை ஒன்றில் 'ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேஸ' என்ற நீண்ட பெயருடன் ஒரு சிறிய புட்டியைக் கண்டேன். 'ட்ரோக்கன்' என்று தொடங்குகிறதே, உயர்ந்த ரக இனிப்பற்ற வைன் போலும் என்று நினைத்துக் கையில் எடுத்தவன், விலையைப் பார்த்துவிட்டு வைத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இனிப்பில்லாத ஜெர்மன் வெள்ளை வைனை ரசிக்க எங்கிருந்து தொடங்க வேண்டும், ஒரு புட்டியை வாங்கும் முன் அதன் முகப்பில் எதைப் பார்க்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பீப்பாய் | மார்ச் 14, இரவு 11.40

தம்பி, அந்தச் சிறிய புட்டியை வாங்காமல் விட்டது உங்கள் நல்ல காலம். நமது மொழியில் 'டிரை வைன்' என்பதை 'உலர் வைன்' என்று சிலர் எழுதுகிறார்கள். உலர் திராட்சை என்றால் நாம் பாயசத்தில் போடுவதுதானே நினைவுக்கு வரும்? ஜெர்மன்காரர்களுக்கும் அதே சிக்கல் உண்டு. 'ட்ரோக்கன்' என்றால் உலர்ந்தது. வைனுக்கு அடைமொழியாக வரும்போது அது இனிப்பில்லாதது என்று பொருள்படும். 'ட்ரோக்கன்பேரன்' என்று சேர்ந்து வரும்போதோ, கொடியிலேயே நல்ல பூஞ்சை படிந்து சுருங்கி உலர்ந்த பழங்கள் என்று பொருள். அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிழிந்து செய்வது உலகின் மிக இனிப்பான வைன்களில் ஒன்று. ஆகவே ஒரே சொல் இரண்டு எதிர்த்திசைகளைக் காட்டுகிறது. இந்த இழையில் 'இனிப்பற்ற' என்றோ 'ட்ரோக்கன்' என்றோ எழுதினால் குழப்பம் குறையும்.

இனிச் சட்டம். ஒரு லிட்டரில் 4 கிராம் வரை சர்க்கரை எஞ்சியிருந்தால் அந்த வைனை ட்ரோக்கன் என்று அழைக்கலாம். ஆனால் புளிப்பு போதிய அளவு இருந்தால் 9 கிராம் வரையிலும் அனுமதி உண்டு. எஞ்சிய சர்க்கரை, அமிலத்தின் அளவைவிட 2 கிராமுக்கு மேல் கூடுதலாக இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. அமிலம் 6 கிராம் என்றால் சர்க்கரை 8 கிராம் வரை போகலாம். அமிலம் 7 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் 9 கிராம் வரை போகலாம்.

'8 கிராம் சர்க்கரை இருந்தும் இனிப்பற்றதா, இதென்ன கண்கட்டு வித்தை?' என்று கேட்கத் தோன்றும். நம் வீட்டுப் புளிக்குழம்பை நினைத்துப் பாருங்கள். இறக்கும் முன் சுண்டைக்காய் அளவு வெல்லம் போடுகிறோம். குழம்பு இனிக்கிறதா? இல்லை. புளியின் முனை மழுங்கி, உப்பும் காரமும் ஒன்றோடொன்று சேர்கின்றன. வெல்லத்தைப் போடாமல் விட்டால்தான் ஏதோ குறைகிறது என்று நாக்கு சொல்லும். ரீஸ்லிங்கில் எஞ்சியிருக்கும் அந்த ஐந்தாறு கிராம் செய்யும் வேலை அதுவேதான். உங்கள் பல்லைக் கூசவைத்த மலிவுப் புட்டியில் சர்க்கரை குறைவு என்பது குற்றமன்று. பழுக்காத பழத்தைப் பறித்திருப்பார்கள், அல்லது கொடிக்குக் கொடி அளவுக்கு மிஞ்சிக் காய்க்க விட்டிருப்பார்கள். புளி மட்டும் கரைத்த தண்ணீரை யாரும் குழம்பு என்று சொல்வதில்லை.

நொதி | மார்ச் 15, காலை 7.25

பீப்பாய் ஐயா சொன்ன உவமை அவர் நினைத்ததைவிடப் பொருத்தமானது. திராட்சையில் இருக்கும் முதன்மையான அமிலம் டார்டாரிக் அமிலம். நம் புளியில் இருப்பதும் அதுவேதான். வேறு பழங்களில் இந்த அமிலம் இவ்வளவு மிகுதியாகக் கிடைப்பது அரிது. எலுமிச்சையில் சிட்ரிக், ஆப்பிளில் மாலிக். ரீஸ்லிங்கில் டார்டாரிக்கோடு மாலிக்கும் கணிசமாக உண்டு. குளிர்ந்த ஆண்டுகளில் மாலிக் எரியாமல் தங்கிவிடுவதால்தான் பச்சை ஆப்பிளைக் கடித்தது போன்ற வெடுக்கென்ற புளிப்பு வருகிறது.

கடையில் நின்றுகொண்டே கணக்கிட ஒரு வழி சொல்கிறேன். ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். லிட்டருக்கு 180 கிராம் சர்க்கரையுள்ள சாறு முழுவதும் நொதித்தால் பத்தரைச் சதவீதத்தைத் தாண்டும். அதை 8 சதவீதத்தில் நிறுத்திவிட்டால் 136 கிராம் செலவாகி, 44 கிராம் சர்க்கரை வைனிலேயே தங்கிவிடும். ஆகவே முகப்பில் வேறு எதுவும் புரியவில்லை என்றாலும் ஆல்கஹால் எண்ணைப் பாருங்கள். 8, 9 என்றால் பெரும்பாலும் இனிப்பு. 12, 12.5, 13 என்றால் பெரும்பாலும் ட்ரோக்கன். 10.5, 11 என்பவை இடைப்பட்டவை. அவற்றில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம்.

ரைன்கரை | மார்ச் 15, மாலை 6.03

நொதி அக்கா, அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் கடைக்குள் நுழைந்து பத்துப் புட்டிகளில் இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்த்தேன். ஒன்பதில் சரியாக வந்தது. பத்தாவதில் 11.5 என்ற எண்ணுக்குக் கீழே 'ஃபைன்ஹெர்ப்' என்று இருந்தது. அது என்னவென்று தெரியவில்லை. இன்னொரு குழப்பம்: 'காபினெட் ட்ரோக்கன்' என்று ஒன்று, வெறும் 'காபினெட்' என்று ஒன்று, ஊர்ப்பெயர் மட்டும் போட்டு ஒன்று, புட்டியின் கழுத்தில் கழுகுச் சின்னத்தோடு 'கே.கே.' என்று பொறித்து ஒன்று. நான்குமே ரீஸ்லிங், நான்கும் ட்ரோக்கனா என்பது தெரியவில்லை, விலையோ 7 யூரோவிலிருந்து 45 யூரோ வரை. இந்த ஏணியின் படிகளை யாராவது விளக்க முடியுமா?

பீப்பாய் | மார்ச் 15, இரவு 10.51

முதலில் எளியதை முடித்துவிடுகிறேன். 'ஹால்ப்ட்ரோக்கன்' என்பதற்குச் சட்டத்தில் வரையறை உண்டு. அமிலம் ஈடுகொடுத்தால் 18 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். ஆனால் பாதி இனிப்பற்றது என்ற பெயரோடு எந்தப் புட்டியும் கம்பீரமாக விலைபோகாது. ஆகவே, அளவு எதையும் வரையறுக்காத 'ஃபைன்ஹெர்ப்' என்ற சொல்லை உற்பத்தியாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். தோராயமாக அதே இடத்தில், சில நேரம் அதைவிடச் சற்றுக் கூடுதலான இனிப்பில் இருக்கும்.

ஏணியின் கதை நீளமானது. 1971இல் மேற்கு ஜெர்மனியில் வந்த வைன் சட்டம் தரத்தைத் திராட்சைச் சாற்றின் சர்க்கரையைக் கொண்டு அளந்தது. அந்த அளவுக்கு எக்ஸ்லே என்று பெயர். பொற்கொல்லர் தொழிலிலிருந்து கருவிகள் செய்ய வந்த ஃபெர்டினாண்ட் எக்ஸ்லே என்பவரின் பெயர் அது. ஒரு லிட்டர் சாறு ஒரு கிலோவைவிட எத்தனை கிராம் கூடுதலாக எடை காட்டுகிறதோ, அதுவே எக்ஸ்லே பாகை. காபினெட், ஷ்பேட்லேஸ, அவுஸ்லேஸ என்று படிகள் ஏறுவது இந்த எடையின்படிதான். கவனியுங்கள், இது பழம் பறித்த அன்று இருந்த சர்க்கரை. பிறகு அதை முழுவதும் நொதிக்க விட்டார்களா, நடுவில் நிறுத்தினார்களா என்பதை இந்தச் சொற்கள் சொல்வதில்லை. அதனால்தான் ஷ்பேட்லேஸ தித்திப்பாகவும் இருக்கலாம், ஷ்பேட்லேஸ ட்ரோக்கன் என்று எலும்பைப் போல உலர்ந்தும் இருக்கலாம். நீங்கள் முதலில் வாங்கிய புட்டியில் ஷ்பேட்லேஸவுக்குப் பின்னால் எந்தச் சொல்லும் இல்லாததே அடையாளம்.

அந்தச் சட்டம் செய்த இன்னொரு வேலையை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. பல்லாயிரக்கணக்கில் இருந்த தோட்டப் பெயர்களை ஏறத்தாழ 2,600ஆகச் சுருக்கியது. அதோடு நிற்காமல், பல ஊர்களின் சாதாரண நிலங்களையெல்லாம் சேர்த்துப் பெரிய வளாகங்களாக்கி, அவற்றுக்கும் ஒற்றைத் தோட்டத்தின் பெயரைப் போலவே ஒலிக்கும் பெயர்களைச் சூட்டியது. பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரோப்ஃபென் என்பது மோசல் ஆற்று வளைவில் இருக்கும் புகழ்பெற்ற சரிவு. பீஸ்போர்ட்டர் மிஷெல்ஸ்பெர்க் என்பது சுற்றுவட்டார ஊர்களின் கலவை. முகப்பை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். நல்ல நிலத்தில் முதுகு ஒடிய உழைத்தவனையும் சமவெளியில் இயந்திரம் ஓட்டியவனையும் ஒரே பந்தியில் உட்காரவைத்த சட்டம் அது.

அதே காலத்தில் ஏற்றுமதிக்கு ஓடிக்கொண்டிருந்தது லீப்ஃப்ராமில்ஷ். வோர்ம்ஸ் நகரின் லீப்ஃப்ரவன் தேவாலயத்தைச் சுற்றியுள்ள தோட்டத்தின் மதிப்பு மிக்க பெயர்தான் முதலில். பிறகு அது மலிவான, தித்திப்பான கலவைக்கான பெயராகிவிட்டது. நொதிக்காத திராட்சைச் சாற்றைத் தனியே எடுத்து வைத்துக் கடைசியில் வைனில் கலந்து இனிப்பூட்டும் முறைக்கு 'ஸ்யூஸ்ரெஸர்வ' என்று பெயர். முறையாகக் கையாண்டால் அதில் தவறில்லை. ஆனால் புளித்துப்போன மெல்லிய வைனை மறைக்கும் போர்வையாகவே அது பெரிதும் பயன்பட்டது. வெளிநாடுகளில் இன்றும் ஜெர்மன் வைன் என்றதும் சர்க்கரைத் தண்ணீர் என்று பலர் முகம் சுளிப்பதற்கு இந்த ஓரிரு பத்தாண்டுகளே காரணம்.

இதற்கு எதிர்வினையாகத்தான் ட்ரோக்கன் அலை எழுந்தது. ரைன்காவ் பகுதியில் பெர்ன்ஹார்ட் ப்ராயர் போன்ற வைன் தயாரிப்பாளர்கள் 1980களில் 'கார்ட்டா' என்ற அமைப்பைத் தொடங்கி, உணவோடு குடிக்கத்தக்க, இனிப்பு ஒடுங்கிய ரீஸ்லிங்கைத் தனி அடையாளத்தோடு விற்றார்கள். கழுகுச் சின்னம் வி.டி.பி. என்ற உற்பத்தியாளர் சங்கத்துடையது. 1910இல் தொடங்கியது, ஏறத்தாழ 200 பண்ணைகள் உறுப்பினர்கள். அவர்கள் சாற்றின் எடையை விட்டுவிட்டு நிலத்தைக் கொண்டு நான்கு படிகள் வகுத்திருக்கிறார்கள். பண்ணையின் பெயரில் வருவது கூட்ஸ்வைன். ஊரின் பெயரில் வருவது ஓர்ட்ஸ்வைன். அதற்கு மேல் முதல்தர நிலம். உச்சியில் பெருநிலம், அதாவது க்ரோஸ லாகெ. அந்தப் பெருநிலத்தில் விளைந்த இனிப்பற்ற வைனுக்கே 'க்ரோஸஸ் கெவெக்ஸ்' என்று பெயர். நீங்கள் பார்த்த கே.கே. அதுவே. ஹெக்டேருக்கு 5,000 லிட்டருக்கு மேல் விளைவிக்கக் கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும், வெள்ளை வைன் அறுவடைக்கு அடுத்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாளுக்கு முன் விற்பனைக்கு வரக் கூடாது என்று விதிகள் உண்டு. காபினெட், ஷ்பேட்லேஸ ஆகிய சொற்களை இந்தச் சங்கத்தார் இப்போது பெரும்பாலும் இனிப்பு வைனுக்கு மட்டுமே ஒதுக்கிவிட்டார்கள். 2021இல் அரசும் சட்டத்தைத் திருத்தி நிலத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது.

உங்களுக்கு என் பரிந்துரை: 45 யூரோப் புட்டியை இப்போது தொடாதீர்கள். நல்ல பண்ணை ஒன்றின் ஓர்ட்ஸ்வைனை, 12 முதல் 18 யூரோவுக்குள், வாங்குங்கள். பண்ணைக்காரரின் கையும் ஊரின் மண்ணும் அதிலேயே தெரியும்.

ஸில்வானர்_பித்தன் | மார்ச் 16, பிற்பகல் 1.17

ஐயா, எவ்வளவு நீளமான பதில், எவ்வளவு நுட்பம், ஆனால் ரீஸ்லிங்கைத் தவிர ஒரு திராட்சையின் பெயர்கூட இல்லை. இந்தக் குழுவில் இது வழக்கமாகிவிட்டது. புளிப்பு பிடிக்கவில்லை என்று வந்த ஒருவரை மீண்டும் மீண்டும் ரீஸ்லிங்கிடமே அனுப்புவது, காரம் ஒத்துக்கொள்ளாதவருக்கு வேறு வகைப் பச்சை மிளகாயை நீட்டுவது போன்றது.

வுர்ஸ்புர்க்கில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். ஃப்ராங்கன் பகுதியில் ட்ரோக்கன் என்பது விவாதத்துக்குரிய செய்தியே அன்று. பழங்காலம் தொட்டு இங்கே லிட்டருக்கு 4 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால்தான் 'ஃப்ராங்கன் பாணி ட்ரோக்கன்' என்று பேசுவார்கள். இங்கே அரசி ஸில்வானர். 1659இல் காஸ்டெல் என்ற ஊரில் முதல் நாற்றுகள் நடப்பட்டதற்கு ஆவணம் இருக்கிறது. ரீஸ்லிங்கைவிடப் புளிப்புக் குறைவு. மணமும் ஓடிவந்து கட்டிக்கொள்ளாது. காய்ந்த வைக்கோல், பேரிக்காயின் தோல், மழை விழுந்த சுண்ணாம்பு மண். மெல்லத்தான் பேசும். தட்டையான வயிறு கொண்ட போக்ஸ்பாய்டல் புட்டியில் வருவதால் கடையில் தேட வேண்டியதில்லை, தானாகக் கண்ணில் படும்.

இன்னும் சில வாரங்களில் வெள்ளை அஸ்பாரகஸ் வந்துவிடும். ஜூன் 24 வரை ஊரே அதைத்தான் தின்னும். தோல் சீவி, உப்பும் வெண்ணெயும் சேர்த்து வேகவைத்த அந்தத் தண்டின் மெல்லிய கசப்போடு நல்ல ரீஸ்லிங்கே சண்டைக்குப் போய்விடும். ஸில்வானரோ பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். ரைன்கரை அவர்களே, நீங்கள் இருக்கும் ரைன்ஹெஸனிலும் ஸில்வானர் ஏராளமாக விளைகிறது. வைஸ்புர்குண்டர் திராட்சையின் வைனையும் பாருங்கள். அதன் பிறகு ரீஸ்லிங்குக்கு வாருங்கள்.

பீப்பாய் | மார்ச் 16, மாலை 5.30

குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். அஸ்பாரகஸுக்கு ஸில்வானர் என்பதில் மறுப்பே இல்லை. ஆனால் புளிப்பு பிடிக்காதவரைப் புளிப்பிலிருந்து விலக்கிவைத்தால் அவர் ஒருநாளும் பழகமாட்டார் என்பதே என் கருத்து. பச்சை மிளகாய் உவமைக்கு நானும் சிரித்தேன்.

ஸ்லேட்கல் | மார்ச் 16, இரவு 8.44

மோசல் கரையில் வாழ்பவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்து. ட்ரோக்கன் என்ற மோகமே எங்கள் ஆற்றுக்குப் பொருந்தாது. ப்ரெம் ஊரின் கால்மோன்ட் சரிவு ஏறத்தாழ 65 பாகை சாய்வு கொண்டது. அங்கே மனிதர்கள் கயிற்றுப் பாதையிலும் ஒற்றைத் தண்டவாள வண்டியிலும் ஏறிப் பறிக்கிறார்கள். அப்படி விளைந்த பழத்தை 8 சதவீத ஆல்கஹாலில் நிறுத்தி, அந்த ஊசிமுனைப் புளிப்புக்கு ஈடாக இனிப்பை விட்டுவைத்த காபினெட்டைப் போல இன்னொன்று உலகில் எங்கும் கிடையாது. எல்லோரும் ட்ரோக்கன் கேட்கிறார்கள் என்பதற்காக அதையும் முழுக்க நொதிக்கவிட்டு, ஒல்லியான, எலும்பு துருத்திய வைனாக விற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பீப்பாய் | மார்ச் 16, இரவு 11.20

ஸ்லேட்கல் அவர்களே, மோசல் காபினெட்டின் மேல் எனக்கும் தீராத காதல் உண்டு. அதை யாரும் பறிக்கவில்லை. ஆனால் இனிப்புத்தான் மோசலின் தொன்மையான முகம் என்பதை ஏற்க முடியவில்லை. நொதித்தலை நடுவில் நிறுத்தி, ஈஸ்ட் ஒன்றுகூட மிஞ்சாமல் வடிகட்டிப் புட்டியில் அடைக்கும் நுட்பம் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. அதற்கு முன் ஆயிரம் லிட்டர் ஃபூடர் பீப்பாயில் குளிர்காலம் முழுவதும் கிடந்த வைன், நின்ற இடத்தில் நிற்கும். சில ஆண்டு சற்று இனிக்கும், பல ஆண்டு இனிப்பே இராது. வின்னிங்கன் ஊரின் ஊலன் சரிவிலிருந்து வரும் இனிப்பற்ற ரீஸ்லிங்கைக் குடித்துவிட்டு எலும்பு துருத்துகிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்று, வெயில். முன்பு பத்து ஆண்டில் மூன்று நான்கு முறைதான் ரீஸ்லிங் முழுமையாகப் பழுக்கும். மற்ற ஆண்டுகளில் இனிப்பைக் கொண்டு புளிப்பைப் பொறுத்துக்கொண்டார்கள். 1980களின் பிற்பகுதிக்குப் பிறகு பழுக்காத ஆண்டே அரிதாகிவிட்டது. 2003இல் வெப்பம் தாங்காமல் புளிப்புக் குறைந்து, அமிலம் சேர்க்க விதிவிலக்கு அனுமதி கொடுக்கும் நிலை வந்தது. 2021 போலக் குளிர்ந்த ஓர் ஆண்டு வந்தால் பழைய ஆட்கள் கண்ணில் நீர் வைத்துக்கொண்டு 'இதுதான் அந்தக் காலத்துப் புளிப்பு' என்கிறார்கள். பழம் முழுமையாகப் பழுத்த பிறகு ட்ரோக்கன் மோகமாக மட்டும் இருப்பதில்லை.

ஸ்லேட்கல் | மார்ச் 17, காலை 6.58

ஊலன் என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டீர்கள். ஆனால் அது ஒரு சரிவு மட்டுமே. எங்கள் ஆற்றைப் பற்றி நான் சொன்னதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

நொதி | மார்ச் 17, காலை 9.10

கல்லைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஓர் எச்சரிக்கை. ஸ்லேட் கல்லில் விளைந்தால் ஸ்லேட் சுவை, ஃபோர்ஸ்ட் ஊரின் பெஷ்டைன் தோட்டத்தில் எரிமலைக் கல் இருப்பதால் புகைச் சுவை என்று அழகாகச் சொல்வார்கள். கொடியின் வேர் கல்லை உறிஞ்சி அதன் சுவையைப் பழத்துக்குக் கொண்டுபோவதில்லை. கறுத்த ஸ்லேட் பகலில் வெப்பத்தை வாங்கி இரவில் விடுகிறது, நீரைச் சீக்கிரம் வடியவிடுகிறது. அதனால் பழுக்கும் விதம் மாறுகிறது. அந்த அளவில் மண்ணுக்குப் பங்கு உண்டு. நாக்கில் நாம் உணரும் 'கல்' பெரும்பாலும் அமிலமும், நொதித்தலில் பிறக்கும் கந்தகச் சேர்மங்களும்தான்.

அதேபோல, சில ஆண்டுகள் முதிர்ந்த ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாடை வந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம். டி.டி.என். என்று சுருக்கமாக அழைக்கப்படும் சேர்மம் அது. பழத்தோலின் கரோட்டினாய்டு நிறமிகள் சிதைந்து புட்டிக்குள் மெல்ல உருவாகிறது. வெயில் மிகுதியாகப் பட்ட பழத்தில் கூடுதல். மெலிதாக இருந்தால் அழகு. இளம் வைனிலேயே மூக்கைத் துளைத்தால் எனக்கு உவப்பில்லை.

ரைன்கரை | மார்ச் 23, பிற்பகல் 4.36

ஒரு வாரம் மௌனமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. நேற்றுக் காலை மைன்ஸ் தேவாலயத்துக்கு அருகே நடக்கும் சனிக்கிழமைச் சந்தைக்குச் சென்றேன். காய்கறிக் கடைகளுக்கு நடுவே தோட்டக்காரர்களே வைன் ஊற்றிக் கொடுக்கிறார்கள். நான்கு ஆண்டுகளாக இதைக் கடந்து கீரை வாங்கப் போயிருக்கிறேன். பிறகு இரண்டு புட்டிகளை வாங்கி வந்து இரவு வீட்டில் நண்பர் இருவரோடு திறந்தேன். ஒன்று நீர்ஸ்டைன் ஊரின் ரீஸ்லிங் ஓர்ட்ஸ்வைன், அந்தச் செம்மண் நிறச் சரிவான ரோட்டர் ஹாங்கிலிருந்து, 12.5 சதவீதம். மற்றது ஃப்ராங்கன் ஸில்வானர், அதுவும் 12.5.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே ஊற்றியபோது ரீஸ்லிங்கில் புளிப்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மனம் சோர்ந்துவிட்டது. ஸில்வானர் உடனே பிடித்துப்போனது. சிறிய, குறுகிய கிண்ணத்தில் ஊற்றியிருந்தேன். பெரிய கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு, சமையலை முடித்து இருபது நிமிடம் கழித்து வந்து பார்த்தால், அதே ரீஸ்லிங்கில் பழுத்த பீச் பழத்தின் மணமும், எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வரும் வாசமும் எழுந்து நின்றன. விழுங்கிய பிறகு தாடையின் இரு ஓரங்களிலும் நீர் ஊறிக்கொண்டே இருந்தது. பத்து எண்ணினேன், நிற்கவில்லை. மலிவுப் புட்டியில் புளிப்பு வாயின் முன்பகுதியில் குத்திவிட்டு ஓடிவிட்டது. இதில் அது கடைசிவரை கூடவே இருந்து மற்றவற்றைத் தூக்கிப் பிடிப்பதாகப் பட்டது. பீப்பாய் ஐயா சொன்ன வெல்லம் எங்கே என்று தேடினேன். இனிப்பாக எதுவும் சிக்கவில்லை. ஆனால் கூசவும் இல்லை.

சாப்பாட்டுக்கு வறுத்த மீனும் மாங்காய் போட்ட குழம்பும். மீனோடு ரீஸ்லிங் பிரமாதம். குழம்பை ஒரு கவளம் உண்டுவிட்டுக் குடித்தபோது அதே வைன் திடீரென்று மென்மையாக, ஏறக்குறைய வட்டமாகிவிட்டது. ஸில்வானரோ அந்தக் குழம்பின் முன் தண்ணீராகிப்போயிற்று. இது என் கற்பனையா?

நொதி | மார்ச் 23, மாலை 5.22

கற்பனை இல்லை. உணவில் புளிப்பு இருந்தால் நாக்கு அதற்குப் பழகிக்கொள்கிறது. அடுத்து வரும் வைனின் புளிப்பு குறைந்ததாகப் படும். புளிப்பு மிகுந்த ரீஸ்லிங்குக்கு அது நன்மை. குறைவான புளிப்புள்ள ஸில்வானருக்கு அது தண்டனை. காரத்தில் கவனமாக இருங்கள். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் தூண்டிவிடும். 13 சதவீதக் க்ரோஸஸ் கெவெக்ஸைக் காரக்குழம்போடு வைத்தால் இரண்டும் கெடும். அந்த இடத்தில் ஸ்லேட்கல் அவர்களின் 8 சதவீதக் காபினெட்தான் ஜெயிக்கும்.

ஸ்லேட்கல் | மார்ச் 23, மாலை 5.40

பதிவு செய்துகொள்ளப்பட்டது.

ஸில்வானர்_பித்தன் | மார்ச் 23, மாலை 6.15

மாங்காய்க் குழம்பை வைத்து ஸில்வானரைத் தோற்கடித்ததை வன்மையாகக் கண்டிக்கிறேன். அஸ்பாரகஸ் வரட்டும், மறு ஆட்டம் வைத்துக்கொள்வோம்.

பீப்பாய் | மார்ச் 23, இரவு 9.48

தம்பி, வெப்பநிலையை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். சாதாரண ட்ரோக்கனுக்கு 8 பாகை போதும். ஓர்ட்ஸ்வைனுக்குப் பத்து. க்ரோஸஸ் கெவெக்ஸுக்குப் பன்னிரண்டு வரை விடலாம். ஒன்றை மட்டும் செய்து பாருங்கள்: ரீஸ்லிங்கில் மிச்சமிருந்தால் மூடியைத் திருகிக் குளிர்பெட்டியில் வைத்து, நாளையும் அதற்கு மறுநாளும் ஒரு வாய் குடியுங்கள். நன்றாகச் செய்த இளம் ரீஸ்லிங் இரண்டாம் நாள்தான் வாய் திறக்கும்.

கோடையில் வசதிப்பட்டால் இங்கே நான் இருக்கும் ஃபால்ஸ் வைன் பகுதிக்கு வாருங்கள். தோட்டக்காரர்கள் தம் வீட்டு முற்றத்திலேயே வாசலில் இலைக்கொத்தைக் கட்டித் தொங்கவிட்டுக் கடை நடத்துவார்கள். ஆண்டுக்கு நான்கு மாதம், நாற்பது இருக்கைக்கு மிகாமல்தான் சட்டம் அனுமதிக்கிறது. அங்கே அரை லிட்டர் கண்ணாடிக் கோப்பையில் ட்ரோக்கன் ரீஸ்லிங்கோடு சோடாத் தண்ணீர் கலந்து கொடுக்கும் ஷோர்லயைக் குடித்த பிறகு, இவ்வளவு நேரம் நான் எழுதியதையெல்லாம் பாதி மறந்துவிடுவீர்கள்.

ரைன்கரை | மார்ச் 25, இரவு 8.05

மூன்றாம் நாள். ஐயா சொன்னது உண்மை. பீச் மணம் பின்வாங்கி, ஏதோ உப்புப் போன்ற ஒன்று முன்னால் வந்திருக்கிறது. கடைசிக் கிண்ணத்தை ஊற்றும்போது அடியில் கண்ணாடித் துகள் போலப் பளபளவென்று சில மணிகள் விழுந்தன. பதறிப்போய்க் குடிக்காமல் வைத்திருக்கிறேன். புட்டி உடைந்ததா, கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

நொதி | மார்ச் 25, இரவு 8.19

விரலால் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணாடியாக இருந்தால் கரையாது, இது மெல்லப் புளிக்கும். டார்டாரிக் அமிலமும் பொட்டாசியமும் குளிரில் சேர்ந்து படிந்த உப்பு. இங்கே 'வைன்ஸ்டைன்', அதாவது வைன் கல், என்பார்கள். நம் புளியில் இருக்கும் அதே அமிலம்தான். மணிகள் அடியில் தங்கும்படி மெதுவாகச் சாய்த்துக் குடியுங்கள்.

ரைன்கரை | மார்ச் 25, இரவு 8.31

புளிக்கிறது. குடித்துவிட்டேன்.